உயிரைக் கொடுப்பதும் வாழ்வைக் கொடுப்பதும்

தொண்டு என்றதும் தியாகம் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உண்மையான தியாகம் எது? இக்கேள்வியை எங்கள் உள்ளத்தில் எழுப்பியது ஒரு பழைய மருத்துவமனைக் கதை. 1962-ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்னும் திரைப்படத்தை விடுமுறையில் குறுந்தகட்டின் மூலம் வீட்டிலேயே கண்டோம். கறுப்பு வெள்ளைப் படமாயிற்றே என்று முதலில் தயங்கினோம். முடிந்த பிறகோ எழுந்து போக மனம் வரவில்லை.

கதை பெரும்பாலும் ஒரே மருத்துவமனைக்குள் நடக்கிறது. புற்றுநோயால் வாடும் வேணுவை அவன் மனைவி சீதா அங்கே சேர்க்கிறாள். மருத்துவர் முரளியோ முன்பு சீதாவை மணக்க விரும்பியவர். அவர் மனத்தில் வஞ்சம் இருக்குமோ என்று சீதா அஞ்சுகிறாள். முரளி ஊண் உறக்கமின்றி உழைத்து வேணுவைக் காப்பாற்றுகிறார். அந்த உழைப்பாலேயே தாம் மடிகிறார். படம் பார்த்த பாட்டிமார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

முரளியின் பெருந்தன்மையைப் போற்றுகிறோம். எனினும் பணிவுடன் ஒன்று கேட்கிறோம். மறுநாள் அதே வாசலில் வந்து நிற்கும் நோயாளியை யார் காப்பார்?

அப்படம் வெளிவந்த காலத்திலேயே சென்னை அடையாற்றில் உண்மையான புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இயங்கி வந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அதனை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் தமது 93-ஆம் வயதில் மறையும் வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டு, ஏழை எளியோருக்கும் சிகிச்சை கிடைக்கப் பாடுபட்டார். முரளி உயிரைக் கொடுத்தார். சாந்தா அம்மையார் அறுபத்தைந்து ஆண்டு வாழ்வைக் கொடுத்தார். இரண்டாவதே கடினமானது என்பது எங்கள் கருத்து.

தொழுநோயாளருக்காகவே உயிர் நீத்த தந்தை தமியான் இல்லையா என்று சிலர் கேட்கலாம். அப்புனிதரும் 1873 முதல் 1889 வரை பதினாறு ஆண்டுகள் மொலோக்காய் தீவில் அம்மக்களோடு வாழ்ந்தார் அன்றோ? இயேசு பெருமானும் களைத்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்திற்குச் சென்று சற்று இளைப்பாறச் சொன்னார். ஆகவே, ஓய்வு கொள்வது தொண்டுக்குப் பகையன்று.

எங்கள் கடலாடிப் பக்கத்தில் பெரிய நோய் என்றால் மதுரைக்குப் பஸ் ஏறுவோர் பலர். 2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. ஆனால் கட்டடம் மட்டும் நோய் தீர்க்காது. முறை வைத்து உழைத்து, முறையாக ஓய்ந்து, மறுநாளும் மலர்ந்த முகத்துடன் வந்து நிற்கும் மருத்துவரும் செவிலியரும் இம்மண்ணுக்கு வேண்டும்.

தோழியரே, பத்தாம் வகுப்பை முடித்து எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்று எண்ணும் நேரம் இது. திரையில் ஓர் இரவு கண்ட தியாகத்தைக் கண்டு கலங்குவதோடு நில்லாமல், நாள்தோறும் செய்யும் தொண்டினை விரும்பி ஏற்போமாக! அதற்கான உடல் நலத்தையும் மன உறுதியையும் இறைவன் நமக்கு அருள்வாராக!