இரண்டு காற்புள்ளிகள் கேட்கிறோம்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி நிரல்மொழியின் இலக்கணத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நாம் பேசப்போவது நிறுத்தற்குறியைப் பற்றி. சொற்களுக்கிடையே இடைவெளியும் பல வேளைகளில் புள்ளியும் இல்லாத ஓலைச்சுவடிகளைப் பிரித்துப் படிக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் நாம். ஒரு குறி எங்கே விழுகிறது என்பது பொருளையே மாற்றும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்களுக்கும் அதுவே விதி.

1,250,000 என்ற எண்ணைப் பாருங்கள். உரக்கப் படிக்க முயன்றால் ஒரு கணம் தடுமாறுவோம். கடைசி மூன்று இலக்கங்களை விட்டு, மீதியை இரண்டிரண்டாக மனத்துக்குள் பிரித்து, 12,50,000 என்று மாற்றிய பிறகே 'பன்னிரண்டரை லட்சம்' என்று வாய் சொல்லும். அவசரத்தில் பார்க்கும் கண் அதை 1,25,000 என்று எடுத்துக்கொண்டால் பிழை பத்து மடங்கு. மருத்துவமனைக் கட்டணச் சீட்டிலோ கடன் பத்திரத்திலோ இது சிறிய பிழையன்று. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளில் நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் லட்சத்திலும் கோடியிலும்தான் எண்ணுகிறார்கள்.

உலகில் மிகுதியாகப் பயன்படும் நிரல்மொழிகளுள் ஒன்றான பைத்தான், இவ்விஷயத்தில் பாதி வழி வந்து நின்றுவிட்டது. எண்ணை அச்சிடும்போது முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டால் போதும், இலக்கங்கள் மூன்று மூன்றாகப் பிரிந்துவிடும். ரேமண்ட் ஹெட்டிங்கர் 2009இல் முன்வைத்த 378ஆம் முன்மொழிவின் வழியாக வந்த வசதி அது. 2016 டிசம்பரில் வெளியான 3.6ஆம் பதிப்பு, நிரலுக்குள் எழுதும் எண்களில் அடிக்கோடு இடவும் அனுமதித்தது. அந்த அடிக்கோட்டை எந்த இரண்டு இலக்கங்களுக்கு இடையிலும் இடலாம் என்பதால் 1_00_00_000 என்று ஒரு கோடியை நம் வழக்கப்படியே எழுத முடிகிறது. ஆக, நம் முறையில் எழுத விடும் மொழி, நம் முறையில் காட்ட மட்டும் மறுக்கிறது.

நமது முன்மொழிவு எளியது. ஒரு காற்புள்ளி மூன்று மூன்றாகப் பிரிக்கட்டும். அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளிகள் இட்டால், அதாவது ':,,' என்று எழுதினால், முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கட்டும். 123456789 என்ற எண் 12,34,56,789 என்று வெளிவரும். இன்று அவ்வாறு எழுதினால் பைத்தான் பிழை என்று கூறி நின்றுவிடுகிறது. ஆகவே இன்று சரியாக இயங்கும் எந்தப் பழைய நிரலின் பொருளும் இதனால் மாறாது.

மறுப்புகள் வரும். முதலாவது, இதற்கென்றே 'லோகேல்' என்னும் வட்டார அமைப்பு இருக்கிறதே என்பது. இருக்கிறது. ஆனால் அது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதையும் பாதிக்கும் அமைப்பு. ஒரே நிரல் ஒரே நேரத்தில் பலருக்கு விடை தரும் இடத்தில், ஒருவருக்காக மாற்றியது எல்லோரையும் பாதிக்கும். இழைகள் பல ஓடும் நிரலில் அதை மாற்றுவது பாதுகாப்பானதன்று என்று மொழியின் ஆவணமே எச்சரிக்கிறது. அந்த வட்டாரத் தகவல் இயங்குதளத்தில் நிறுவப்பட்டிருக்கவும் வேண்டும்.

இரண்டாவது, ஒரு நாட்டுக்குத் தந்தால் எல்லா நாடுகளும் கேட்குமே என்பது. பிற நாட்டு வழக்குகள் பெரும்பாலும் குறியில்தான் வேறுபடுகின்றன. காற்புள்ளிக்குப் பதில் புள்ளி, அல்லது இடைவெளி. அச்சிட்ட பின் ஒன்றை நீக்கி மற்றொன்றை இட்டால் முடிந்தது. நம்முடையது குறி விழும் இடத்திலேயே வேறுபடுகிறது. அதை எந்தப் பதிலீட்டாலும் சரிசெய்ய இயலாது. மூன்று என்பது மாறாத விதியுமன்று. பதினாறடிமான எண்களை அடிக்கோட்டால் பிரிக்கும்போது பைத்தானே நான்கு நான்காகத்தான் பிரிக்கிறது.

மூன்றாவது மறுப்பே வலுவானது. கைதவறி இரண்டாம் காற்புள்ளி விழுந்தால் இன்று பிழை என்று தெரிந்துவிடுகிறது. நாளை சத்தமின்றி வேறு வடிவம் அச்சாகும். இந்த விலையை ஒப்புக்கொள்கிறோம். வேறொரு குறி பொருத்தம் என்று மொழியைப் பேணுவோர் கருதினால் அதையும் ஏற்போம். நமக்கு வேண்டியது வசதி, குறியன்று.

சிறு குறி பெரும் பூசலாக முடியலாம் என்பதையும் அறிவோம். முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ':=' என்ற குறியைச் சேர்க்கும் 572ஆம் முன்மொழிவு குறித்துக் கடும் விவாதம் நடந்தது. அதை ஏற்ற பின், 2018 ஜூலையில், மொழியைப் படைத்த கீடோ வான் ராசம் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகினார். ஆனால் அந்தக் குறி நிரலின் எந்த வரியிலும் தோன்றக்கூடியது. எல்லோரும் படிக்கக் கற்றாக வேண்டியது. நாம் கேட்பது அச்சு வடிவைச் சொல்லும் சிறு மூலைக்குள் அடங்குவது.

இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? ஒவ்வொரு நிறுவனத்திலும் யாரோ ஒருவர் நான்கு வரிச் சிறு நிரலை எழுதுகிறார். மற்றவர் அதை நகலெடுக்கிறார். கழித்தல் குறியை மறந்துவிட்டு எழுதிய நிரல், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் நட்டத்தை '-,12,345' என்று அச்சிடும். ஒரே சிறு வேலையை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் செய்து, அவற்றுள் சில தவறாகவும் போகும்போது, அது மொழியே செய்ய வேண்டிய வேலை என்பது நம் கருத்து.

நிரலாளர்கள் நம் வாசகரிடையே பலர் உண்டு. பைத்தான் எவருடைய தனியுடைமையும் அன்று. முன்மொழிவு எழுத எவருக்கும் உரிமை உண்டு. நூறு கோடிப் பேர் தங்கள் பணத்தைத் தங்கள் எண்ணுமுறையிலேயே படிக்க இரண்டு காற்புள்ளிகள் போதும். யாரேனும் எழுதத் தொடங்குங்கள்.