பழைய காரை ஷோரூமில் கொடுப்பதா, வெளியே விற்பதா? ரூ.40,000-க்குப் பின்னால் இருக்கும் ரிஸ்க்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ என கார் ஆலைகள் சூழ்ந்த பகுதி வல்லம் வடகால். இங்குள்ள சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் புது காருக்கு மாறும்போதும் அதே பழைய குழப்பம்தான்: கையில் இருக்கும் காரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதா, தெரிந்தவருக்கு விற்பதா?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புது கார் விலை இறங்கினால் பழையதற்கு கேட்கும் விலையும் இறங்கும். அதனால் இந்தக் கணக்கை கொஞ்சம் கவனமாகப் போட வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு, ஷோரூமில் காருக்கு ரூ.3.5 லட்சம் மதிப்பு போட்டு, ரூ.30,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ் தருகிறார்கள். வெளியே அதே காருக்கு ரூ.4.2 லட்சம் கிடைக்கும். வித்தியாசம் ரூ.40,000. ஏன் இந்த இடைவெளி? டீலர் காரைச் சரிசெய்து, லாபம் வைத்து விற்க வேண்டும். 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவின்படி அந்த லாபத்துக்கு 18% வரியும் உண்டு. தனிநபர் தன் சொந்த காரை இன்னொருவருக்கு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பழைய காரின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விற்பனை வரி. அந்தச் சலுகை இங்கே இல்லை.

எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புது காருக்கு என்ன விலை என்று முதலில் கேட்பது நல்லது. போனஸாகக் கொடுப்பதை தள்ளுபடியில் பிடித்துக்கொள்கிறார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

இனிதான் பெரிய விஷயம். காரை விற்று, பணம் வாங்கி, சாவி கொடுத்தாலும் ஆர்.சி-யில் பெயர் மாறாத வரை சட்டப்படி உரிமையாளர் விற்றவர்தான். ஹரியானாவில் ஒருவர் 2007-ல் கார் விற்றார். அது கை மாறி கை மாறிப் போய் 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி-யில் பெயர் இருந்த அந்த முதல் ஆள்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இதற்குத்தான். கார் லோன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். வெளிமாநிலத்தவர் நிறைய பேர் வேலை பார்க்கும் பகுதி இது. வாங்குபவர் ஊருக்கு காரை கொண்டுபோகிறார் என்றால் படிவம் 28 வழியாக ஆர்.டி.ஓ-வின் தடையில்லாச் சான்று தேவை. வேலை மாறி அவர் கிளம்பிவிட்டால் பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம். விண்ணப்பம் போகும் முன் சாவி கைமாறக் கூடாது.

எக்ஸ்சேஞ்சிலும் இந்தச் சிக்கல் தானாகத் தீராது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலர் காரை எடுத்ததை படிவம் 29சி-யில் தெரிவித்தால், அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த ஒப்புகையை கேட்டு வாங்க வேண்டும். தர இழுத்தடிக்கும் டீலரிடம் கார் கொடுப்பதைவிட, ரூ.40,000 அதிகம் தரும் தெரிந்த ஆள் மேல். ஆனால் லோன் பாக்கி, அவசர இடமாற்றம் என்றால் ஒப்புகை தரும் டீலரே நிம்மதி.

எந்த வழியில் போனாலும் இன்சூரன்ஸில் சேர்ந்த நோ கிளைம் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குத்தான். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50% வரை தள்ளுபடி கிடைக்கும். விற்கும்போதே இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சான்று வாங்கிவிட்டால் புது காருக்கு அதைப் பயன்படுத்தலாம். ஃபாஸ்டேக்கையும் அன்றே மூடிவிடலாம்.