தங்கம் தோண்டிய மண்ணில் தொழிற்பேட்டை: நம் பேரேடு சொல்லும் பாடம்



பெரணமல்லூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற எனக்கும் கோலார் தங்கவயலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் பழைய வடஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் வயதானவர்களை விசாரித்துப் பாருங்கள். தாத்தாவோ, பெரியப்பாவோ, அத்தை வீட்டுக்காரரோ, 'கோலாருக்குப் போனவர்' என்று குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். மழை பொய்த்த காலங்களில் பிழைப்புத் தேடி அங்கே போய்ப் பாதாளத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் நம் ஜனங்கள்தான். 2024-ல் வந்த 'தங்கலான்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனங்கள் போன வழியில் சரக்கும் போயிற்று. என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்கள் கடையிலிருந்து ஆரணி அரிசி, மணிலாக்கொட்டை, புளி, வெல்லம் எல்லாம் லாரியில் ஏறும். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதை ஏறி, வி.கோட்டா வழியாக ஆண்டர்சன்பேட்டை போய்ச் சேரும். அந்தத் தங்கவயலில்தான் இப்போது தொழிற்பேட்டை வரப்போகிறது என்று சில ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அதைப் பற்றி ஒரு வணிகன் என்ற முறையில் என் மனதில் பட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே முதலாளியை நம்பிய ஊர்

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே கால் வைத்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவும் அரிக்கேன் விளக்கில் இருந்த காலம் அது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று. உச்சக்கட்டத்தில் முப்பதாயிரம் பேர் வரை வேலை செய்திருக்கிறார்கள். 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்திருக்கிறார்கள். 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய அரசின் கைக்குப் போனது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. ஒரு கிராம் எடுக்கும் செலவு அதன் விலையை மீறிப் போகவே, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

சுரங்கம் மூடியது பத்திரிகைக்கு ஒரு நாள் செய்தி. மளிகைக் கடைக்காரருக்கு அது எத்தனையோ வருடக் கணக்கு. தங்கவயலில் வியாபாரம் முழுக்கச் சம்பள நாளை வைத்துத்தான். மாதம் முழுதும் அரிசி, பருப்பு, எண்ணெய் பற்றில் போகும்; சம்பளம் வந்ததும் வரவு விழும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஒரே நாளில் வேலை இல்லை என்றால், அத்தனை பேருடைய பற்றும் அப்படியே நின்றுபோகும். அவர்களுக்குக் கொடுத்த சில்லறைக் கடைக்காரர் நிற்பார். அவருக்குக் கொடுத்த மண்டிக்காரர் நிற்பார். கடைசியில் பெரணமல்லூரில் உட்கார்ந்திருக்கிற நானும் நின்றேன்.

எங்களிடம் இருபது வருடம் சரக்கு வாங்கிய ஆண்டர்சன்பேட்டை மண்டிக்காரர் ஒருவர். நாணயமான மனிதர். சுரங்கம் மூடிய இரண்டாவது வருடம் பஸ் பிடித்து நேரில் வந்தார். பையிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, "அண்ணே, எனக்கு வரவேண்டியது வந்தால் உங்களுக்கு வந்துவிடும். எனக்குத் தரவேண்டியவனுக்கு வேலையே இல்லையே, அவன் வாசலில் போய் நான் எப்படி நிற்பது?" என்றார். அவர் பேரேட்டைப் பிரித்துக் காட்டியபோது பக்கத்துக்குப் பக்கம் பற்று மட்டும்தான் இருந்தது. ஆறு வருடம் தவணையில் கொடுத்தார். பாக்கியை நான் தள்ளி எழுதினேன். அவர் கடையை மூடிவிட்டுப் பெங்களூரில் மகனோடு போய் இருந்தார்.

அன்று நான் கற்றது ஒன்றே ஒன்று. ஓர் ஊர் முழுவதும் ஒரே முதலாளியின் சம்பளத்தில் சாப்பிட்டால், அந்த முதலாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அந்த ஊர் ஒற்றைக் காலில் நிற்கிறது. புதிய தொழிற்பேட்டைத் திட்டத்தை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இப்போது என்ன பேசப்படுகிறது?

பாரத் தங்கச் சுரங்கத்துக்கு அங்கே பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. அதில் தாதுவளம் இல்லாத சுமார் 3,200 ஏக்கரை வாங்கித் தொழில் நகரம் அமைக்க வேண்டும் என்பது கர்நாடக அரசின் நீண்ட நாள் எண்ணம். அதோடு, 1964-ல் தொடங்கிய பெமல் என்ற மத்திய அரசு நிறுவனம் பயன்படுத்தாமல் வைத்திருந்த சுமார் 970 ஏக்கர் நிலத்தையும் திரும்பப் பெற்றுத் தொழிற்பேட்டை ஆக்கும் முயற்சி நடந்தது. பெங்களூர் - சென்னை விரைவுச் சாலை, மொத்தம் 262 கிலோமீட்டர், தங்கவயலுக்குப் பக்கத்திலுள்ள பேத்தமங்கலத்தை ஒட்டிப் போகிறது. 2024 இறுதியில் கர்நாடகப் பகுதியில் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. அந்தச் சாலை நம் பக்கத்து ராணிப்பேட்டையைத் தொட்டுத்தான் திருப்பெரும்புதூர் போகிறது. ஆகவே இது நமக்குத் தூரத்து ஊர் விவகாரம் அல்ல.

திட்டம் நல்லதா என்று கேட்டால், நல்லதுதான் என்பேன். தங்கவயல் ஜனங்கள் இத்தனை ஆண்டுகளாக விடியற்காலை ரயிலைப் பிடித்து நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். பெங்களூரில் வாங்கிய சம்பளத்தில் பாதி பெங்களூரிலேயே செலவாகிறது. டீயும் டிபனும் அங்கே, துணிமணி அங்கே, வரும் வழியில் மளிகையும் அங்கே. அதே வேலை உள்ளூரில் கிடைத்தால் அந்தப் பணம் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் புழங்கும். ஆனால் நல்ல திட்டமும் வரிசை தப்பினால் கெட்டுப்போகும். நான் கேட்பது மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: மேடுகள் என்ன ஆகும்?

பாறையைப் பொடித்துச் சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சக்கை, தங்கவயலைச் சுற்றிலும் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் என்கிறார்கள். காற்றடி காலத்தில் அந்த வெள்ளைத் தூள் எழுந்து வீட்டுக்குள்ளும் சோற்றுப் பானைக்குள்ளும் விழும் என்று அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 1,003 ஏக்கரில் உள்ள இப்படிப்பட்ட 13 மேடுகளை மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. ஆனாலும் இன்றைய தங்க விலைக்குக் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

மேடுகளைக் கிளறும் வேலை ஒரு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முடிகிற வேலை அல்ல. ஒரு பக்கம் மேட்டைக் கிளறிக்கொண்டு, பக்கத்திலேயே தொழிற்பேட்டைக்கு மனை விற்றால் யார் வாங்குவார்? அரிசி மண்டியும் மிளகாய்க் கிடங்கும் தூசிக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? உணவுப் பொருளை வைத்துப் பிழைக்கிற நமக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. எந்த மேடு எப்போது எடுக்கப்படும், எந்த மனை எந்த மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலில் வரைபடம் வெளியிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: காலடியில் என்ன இருக்கிறது?

தங்கவயலின் அடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுரங்க வழிகள் இருக்கின்றன. மூடிய பிறகு தண்ணீர் இறைப்பதும் நின்று, அவற்றில் நீர் ஏறிவிட்டது. சுரங்கம் ஓடிய நாளிலேயே பாறை வெடிப்பால் நிலம் அதிர்ந்து வீட்டுச் சுவர்கள் விரிசல் கண்டதுண்டு. பாறை இயக்கவியலை ஆராய 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தைத் தங்கவயலில் அமைத்தார்கள். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. எந்த இடத்தில் ஷெட் போடலாம், எங்கே மாடி கட்டலாம், எங்கே எதுவும் கூடாது என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வங்கிக் கடன் வாங்கிக் கிடங்கு கட்டிய பிறகு தரை இறங்கினால், வட்டி மட்டும் இறங்காது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரம் இதே பாதையில் நமக்கு முன்னால் போயிருக்கிறது. தங்கச் சுரங்கங்கள் ஓய்ந்ததும், 1968-ல் ராண்ட் மைன்ஸ் பிராப்பர்ட்டீஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கி, நகரத்துக்குத் தெற்கே கிடந்த சுரங்க நிலத்தைத் தொழில் மனைகளாகப் பிரித்தார்கள். அடியில் சுரங்கம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் மேலே கட்டடத்துக்கு எத்தனை உயரம் என்று அனுமதித்தார்கள். கிரவுன் மைன்ஸ் என்ற பழைய சுரங்கப் பகுதியில் இன்று கிடங்குகளும் மொத்த வியாபாரக் கடைகளும் இருக்கின்றன. மேடுகளையும் மறுபடி கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். ஆனால் எல்லா மேடும் போய்விடவில்லை. மிச்சமிருக்கிற மேடுகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஏழை ஜனங்கள் இன்னும் தூசியில்தான் மூச்சு விடுகிறார்கள். நிலத்தை விற்பது லாபம், சுத்தம் செய்வது செலவு. லாபத்துக்கு வருகிறவர் செலவுக்கும் வருவாரா என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி: சிறு வியாபாரிக்கு எத்தனை சென்ட்?

தொழிற்பேட்டை என்றாலே ஐம்பது ஏக்கர், நூறு ஏக்கர் என்று பெரிய கம்பெனிகளைத்தான் அழைக்கிறார்கள். சுற்றி மதில், வாசலில் காவலாளி, உள்ளே அவர்களுக்கே ஒரு சாப்பாட்டுக்கூடம். வெளியே நம் ஆள் டீக்கடை போட்டால் ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள். இப்படித்தான் தொழிற்பேட்டை என்றால், தங்கவயலுக்கு இன்னொரு ஜான் டெய்லர் கம்பெனி கிடைத்தது என்றுதான் அர்த்தம். அதுவும் ஒரு நாள் லாபம் இல்லை என்று போய்விடும்.

1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மார்க்கெட் போனபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கட்டினார்கள். ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. இருந்தாலும் ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு இடம் வைத்துக் கட்டியதால்தான் அது இத்தனை காலம் ஓடுகிறது. ஒருவர் கடையை மூடினால் மார்க்கெட் மூடாது. தங்கவயலிலும் ஒரு பங்கு நிலத்தைப் பத்து சென்ட், இருபது சென்ட் மனைகளாகப் பிரித்து, கிடங்குக்கும், எண்ணெய்ச் செக்குக்கும், பட்டறைக்கும், பேக்கிங் தொழிலுக்கும் ஒதுக்க வேண்டும். அதில் உள்ளூர்க்காரருக்கும், சுரங்கத்தில் உழைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் முதல் உரிமை தர வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

இதை எழுதும்போது நம் செய்யாறு சிப்காட் நினைவுக்கு வருகிறது. அங்கே காலணித் தொழிற்சாலை வந்ததால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கிறது. அந்தப் பணம் நம் கடைகளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். நான் தொழிற்சாலைக்கு எதிரி அல்ல. ஆனால் 2023-ல் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு மேல்மா சுற்றுவட்டாரத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப் போனபோது, உழவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியதையும் பார்த்தோம். நெல்லும் மணிலாவும் விளைகிற பூமி போனால் நம் மண்டிக்கு மூட்டை எங்கிருந்து வரும்? விளைகிற நிலத்தைக் கேட்பதற்கு முன்னால், தோண்டிப் போட்ட நிலத்தைச் சீர்செய்து பயன்படுத்துங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த வகையில் தங்கவயல் திட்டம் சரியாக நடந்தால் நம் மாநிலத்துக்கும் ஒரு வழிகாட்டி. தவறாக நடந்தால், 'பாழ் நிலம் சரிப்படாது, வயலையே கொடு' என்று சொல்ல அது ஒரு சாக்காகிவிடும்.

ஆகவே வணிகர் சங்கங்கள் இதில் வாய் மூடி இருக்கக் கூடாது. நம் சங்கத்தின் சார்பில் தங்கவயல் வணிகர்களோடு கலந்து பேசி, மேடு, தரை, மனை ஆகிய மூன்றையும் கோரிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைபடம் முடிந்து கல் நட்ட பிறகு மனுக் கொடுத்தால், ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான்.

அந்த ஆண்டர்சன்பேட்டை நண்பரின் கணக்குப் பக்கம் எங்கள் பழைய பேரேட்டில் இன்னும் இருக்கிறது. தள்ளி எழுதிய பாக்கிக்கு நான் வருந்தவில்லை. தங்கவயலில் நாளை கடை திறக்கப்போகிற பிள்ளைகளின் பேரேட்டில் பற்றுக்குப் பக்கத்தில் வரவும் எழுதப்பட வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.