மின்கம்பியும் வீட்டு மரமும்

வாசலில் நிழல் தரும் வேம்பும், கொல்லையில் காய்க்கும் தென்னையும், வீட்டினுள் எரியும் மின்சார விளக்கும் குடும்பத்துக்கு ஒருங்கே நன்மை தருவன. ஆயினும் மரமும் கம்பியும் ஒன்றையொன்று தொடும்பொழுது, குற்றம் முழுவதும் மரத்தின்மீதே சுமத்தப்பட்டு அதன் தலை வெட்டப்படுகிறது. இவ்வழக்கம் மரத்துக்குக் கேடு, கம்பிக்கும் காப்பன்று.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர்க் கம்பியை ஒட்டிய கிளைகளைக் கழித்தல் அவசியமே. ஈரக் கிளை கம்பியைத் தொடின் மின்சாரம் அதன் வழியே இறங்கும். காற்றில் முறிந்து விழின் கம்பியை அறுக்கும். அறுந்த கம்பியை மிதித்து மனிதரும் மாடும் மடிவதுண்டு. ஆகையால் மரத்தைத் தொடவே கூடாதென்று வாதிப்பது பொருந்தாது. எவ்வாறு கழிப்பது என்பதே கவனிக்கத்தக்கது.

மரத்தை ஒரே மட்டமாக மொட்டையடித்தால் வெட்டுவாய்க்குக் கீழே போத்துகள் கொத்துக் கொத்தாய்க் கிளம்பும். இவை கட்டையில் ஆழ வேரூன்றாது மேற்புறத்தில் ஒட்டி நிற்பதால் காற்றில் எளிதிற் பிளக்கும். சில பருவங்களுக்குள் மீண்டும் கம்பியை எட்டும். பெரிய வெட்டுவாய் மூடாமல் நீர் தங்கி, நடுமரமும் உளுத்துப்போகும். கம்பியைக் காக்கவென்று வெட்டிய மரமே பின்னொரு நாள் கம்பியின்மேல் சாய்கிறது.

செய்யத்தக்கது யாதெனில், கம்பியை நோக்கிச் செல்லும் கிளையை மட்டும் அது பிறக்கும் இடத்திலேயே நீக்கி, மறுபக்கத்துக் கிளைகளை வளரவிடுவதாம். கிளையின் அடியில் வளையம்போல் தடித்திருக்கும் பட்டைக்குச் சிறிதும் சேதமின்றி, அதனை அடுத்து வெளியே அறுக்க வேண்டும், முளைக்கட்டை விடலாகாது. பெருங்கிளையாயின் முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, அதற்கு அப்பால் மேற்புறம் அறுத்துப் பாரத்தை இறக்கிய பின்னரே எஞ்சிய கட்டையை எடுக்க வேண்டும். அங்ஙனமாயின் பட்டை உரியாது. ஒரே ஆண்டில் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கழித்தல் நன்றன்று. மின்சாரத்தை நிறுத்திப் பணியாளரே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். பச்சை மூங்கிலும் ஈரத் தொரட்டியுங்கூட மின்சாரத்தைக் கடத்துமாதலால் வீட்டுக்காரர் தாமே ஏறலாகாது. அருகில் நின்று இன்ன கிளை என்று காட்டினால் போதும்.

தென்னையின் நிலை வேறு. அதற்கு ஒரே குருத்து. தலை போனால் மரம் போயிற்று. மட்டையோ 15 அடிக்கு மேலும் நீளும். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் காவிரிக் கழிமுகப் பகுதியில் தென்னைகளும் மின்கம்பங்களும் திரள்திரளாய் விழுந்ததை யாவரும் அறிவர். ஆதலால் கம்பியின் கீழும் அருகிலும் தென்னை, மூங்கில், புளி, வேம்பு ஆகியவற்றை வைக்காது, எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை, செம்பருத்தி முதலிய சிறு வகைகளையே வைத்தல் அறிவுடைமை.

கம்பிக்கு முன்னரே நின்ற மரத்தின் விஷயத்தில் சட்டமும் கண்மூடியிருக்கவில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி, கம்பிக்கு இடையூறான மரத்தை நீக்க நிர்வாக மாஜிஸ்டிரேட்டு உத்தரவிடலாம். ஆனால் கம்பி போடப்படுவதற்கு முன்பே அம்மரம் இருந்திருக்குமாயின், உரியவருக்கு நியாயமான நஷ்டஈடும் அவர் விதித்தாக வேண்டும். முந்தியது எது என்னும் கேள்வியைச் சட்டமே மதிக்கும்பொழுது, ஊரார் அதனை மறத்தல் தகுமா?

கம்பம் நடுவதற்குக் குறியிடும் நாளிலேயே கிராம அதிகாரிகள் உடனிருந்து, பயன்தரும் பழமரங்களையும் சாலை மரங்களையும் சுட்டிக்காட்டுவாராயின், கம்பத்தைச் சில அடி தள்ளி நடவோ, தெருக்களில் உறையிட்ட கம்பிக் கற்றையை இழுக்கவோ வழி பிறக்கும். கம்பத்தை ஒரே நாளில் நட்டுவிடலாம். ஒரு வேம்பு நிழல்தர ஒரு தலைமுறை ஆகும். எதனை நகர்த்துவது எளிது என்பதை எண்ணிப் பார்த்தபின் அரிவாளை எடுப்பதே முறை.