அக்கா எந்தக் கணக்கில்?



2020-ல கொரோனா வந்தப்போ நான் நாலாம் வகுப்பு. என் அக்கா ஒன்பதாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் டிவியில் இன்று இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை பேர் மரணம் என்று சொல்வார்கள். பயந்துகொண்டே பார்ப்போம். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அப்பாவுக்குக் கொத்தனார் வேலை. மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு என்றார்கள். மறுநாளிலிருந்து வேலை இல்லை. ரேஷனில் 1000 ரூபாயும் அரிசியும் கொடுத்ததால் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் கடன் ஏறியது. அக்கா மில்லுக்குப் போனாள். "ஸ்கூல் திறந்ததும் வந்துடுவேன்"னு சொல்லிட்டுத்தான் போனாள். அந்த வருஷம் எல்லாரும் பாஸ். அக்காவும் பாஸ். ஆனால் பத்தாவதில் சேரவே இல்லை.

ஊரடங்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2021-ல் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கிடைக்காமல் எத்தனை பேர் இறந்தார்கள்! எங்கள் தெருவிலும் ஒரு தாத்தா போய்விட்டார். கூட்டம் கூடாததால் பிழைத்தவர்களும் உண்டு. ஆனால் பணக்கார நாடுகள் கதவைச் சாத்தினால் வீட்டுக்கே பணம் அனுப்ப முடியும். ஏழை நாட்டில் அன்னன்னைக்கு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். எல்லா நாட்டுக்கும் ஒரே வைத்தியம் சரிப்படுமா?

ஆப்பிரிக்காவில் உகாண்டா என்று ஒரு நாடு. அங்கே பாதிக்கும் மேல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். கொரோனா அதிகம் கொன்றதோ வயதானவர்களை. ஆனால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுவதுமாகத் திறந்தது 2022 ஜனவரி 10-ல்தான். நடுவில் சில வகுப்புகள் மட்டும் கொஞ்ச நாள் நடந்தன. சுமார் ஒன்றரைக் கோடி பிள்ளைகளின் படிப்பு நின்றது. பலர் வேலைக்குப் போனார்கள், பல பெண் பிள்ளைகள் சின்ன வயதிலேயே தாயானார்கள். பக்கத்து நாடான கென்யா 2021 ஜனவரியிலேயே எல்லா வகுப்புகளையும் திறந்துவிட்டது. அப்படியானால் வேறு வழி இருந்தது தானே?

இன்னொரு கணக்கும் பாருங்கள். இந்தியாவில் 2019-ல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-ல் 18 லட்சம்தான். நோய் குறைந்துவிட்டதா? இல்லை. பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். கண்டுபிடிக்காத நோய் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது.

என் கருத்து இதுதான். எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்று எண்ணும்போது எத்தனை பேர் வேலை இழந்தார்கள், எத்தனை பேருக்கு வேறு நோய்க்கு மருந்து கிடைக்கலை, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பலை என்றும் எண்ண வேண்டும். கூட்டல் மட்டும் போட்டுக் கழித்தலை விட்டால் கணக்கு டீச்சர் மார்க் போடுவாங்களா? இன்னொரு நோய் வந்தால், மூடும் முன்பே ஏழை வீட்டுக்குப் பணமும் அரிசியும் வரணும். பள்ளிக்கூடத்தைக் கடைசியில் மூடி, முதலில் திறக்கணும்.

இப்போ நானும் ஒன்பதாம் வகுப்பு. அக்கா ஷிப்ட் முடிந்து வந்து என் புத்தகத்தைப் புரட்டுகிறாள். தனித்தேர்வு எழுதப் போறாளாம். அவளையும் ஒரு கணக்கில் சேருங்கள் என்றுதான் இதை எழுதினேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி