விளையாட்டுக்காக வீட்டைத் திறந்து போடலாமா?
கரையான்சாவடி நண்பர் வீட்டில் புதிய கம்ப்யூட்டர். அதையே சர்வராக்கி, மைன்கிராப்ட் விளையாட நண்பர்களை அழைத்தான் மகன். இணைப்பு கிடைக்கவில்லை என்றதும் ரவுட்டரில் டிஎம்இசட் வசதியை இயக்கி விட்டான். விளையாட்டு ஓடியது. ஆனால் இது தவறு என்பேன். வெளியிலிருந்து வரும் எந்த இணைப்பையும் ரவுட்டர் தடுக்காமல் கம்ப்யூட்டருக்கு அனுப்பி விடும். ஒரு விருந்தாளிக்காக எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்போமா?

மைன்கிராப்ட் ஜாவா பதிப்புக்கு வழக்கமாக 25565 என்ற ஒரு டிசிபி போர்ட் போதும். போர்ட் பார்வர்டிங் பகுதியில் அதை மட்டும் திறந்திடுங்கள். ஆடி முடித்ததும் மூடி விடுங்கள். ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டையும் உடனே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற நாசகார புரோகிராம் லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். பிள்ளைகள் விளையாடட்டும், சாவி நம்மிடமே இருக்கட்டும்.