தடுப்பூசிக்குப் பின் தோள்வலி: இழப்பீடு கேட்கலாமா?

தடுப்பூசி போட்ட கை ஓரிரு நாள் வலிப்பது வழமை. மாதக்கணக்கில் வலித்து, கையை மேலே தூக்க முடியாமல் போனால் அது வேறு விடயம். ஊசியைத் தோளின் உச்சிக்கு மிக அருகில் ஏற்றினால், மருந்து தசைக்குள் போகாமல் மூட்டை ஒட்டியுள்ள பைக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கலாம். சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டு ஊசி போடும்போது இதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே கையை முழுதாகத் திறந்து காட்டுங்கள். இது அரிதான பாதிப்பு. இதற்குப் பயந்து தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம்.

மஸ்கெலியாவில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தோள்தான் சம்பளம். நிறை குறைந்தால் அரைப் பேர். "ஊசியால வந்ததுன்னு சொன்னா யாரு நம்புவாங்க, மிஸ்?" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் தடுப்பூசிப் பாதிப்புக்கென்று 1988 முதல் தனி நிதியம் உண்டு. ஒவ்வொரு தடுப்பூசி மீதும் அறவிடும் வரியே அதன் பணம். 2017இல் இந்தத் தோள் பாதிப்பும் அதன் பட்டியலில் சேர்ந்தது. முன்பு நோவில்லாத தோளில் 48 மணித்தியாலத்துக்குள் வலி தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், யாருடைய பிழை என்று காட்டாமலே இழப்பீடு கோரலாம்.

நமது நாட்டில் அப்படியொரு நிதியம் இல்லை. கவனக்குறைவு என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். பிழை நடந்ததையும், அந்தப் பிழையாலேயே பாதிப்பு வந்ததையும் நாமே நிரூபிக்க வேண்டும். பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவை ஏற்றுக்கொண்டது. ஆனால் குழந்தையின் மரணத்துக்கு அதுவே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று இழப்பீட்டை மறுத்தது. வழக்காடிய தந்தை ஒரு சட்டத்தரணி. அவருக்கே அப்படி.

அதனால்தான் கடதாசி முக்கியம். போர்க்கால இழப்பீட்டுக்காகப் படிவங்களோடு கச்சேரிக்கு அலைந்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஊசி போட்ட திகதி, எந்தக் கை, வலி தொடங்கிய நாள் மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லி, தடுப்பூசிக்குப் பின்னான பாதிப்பாகப் பதியக் கேளுங்கள். தோளுக்கான பயிற்சிச் சிகிச்சையையும் தள்ளிப்போட வேண்டாம். தாமதித்தால் மூட்டு இறுகிவிடும்.

வழக்குத் தொடர 2 வருடமே அவகாசம். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். போகும்போது கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு.